மணலுக்குப் பிடிபடாத விஷம்

காஞ்சிபுரம் பட்டுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது அந்த மினுமினுப்பு? ஊரில் பழைய ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள். ஜரிகை, கோர்வை, முந்தி எல்லாம் அப்புறம்தான். 'எல்லாம் பாலாத்துத் தண்ணி வாகு சார்' என்று முதலில் ஆற்றுக்குத்தான் கும்பிடு போடுவார்கள்.

சும்மா ஊர்ப் பெருமை என்று தள்ளிவிடாதீர்கள். இதில் கொஞ்சம் கெமிஸ்ட்ரியும் இருக்கிறது. பட்டுப்பூச்சி தன் கூட்டைக் கட்டும்போது நூலின் மேல் ஒரு பசையைப் பூசிவிடுகிறது. அந்தப் பசை போனால்தான் பட்டுக்கு மென்மையும் வரும், மினுக்கும் வரும். அதற்காக நூலைச் சவுக்காரமும் சோடாவும் கலந்த தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைப்பார்கள். தண்ணீரில் சுண்ணாம்பும் மக்னீசியமும் அதிகமாக இருந்தால் என்ன ஆகும்? சவுக்காரம் நுரைக்காது. திரிதிரியாகத் திரண்டு நூலில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் சாயம் ஏற்றினால் ஒரு இடத்தில் பிடிக்கும், ஒரு இடத்தில் பிடிக்காது. ஆயிரக்கணக்கில் விலை போகவேண்டிய புடவை பாழ்!

ஆகவே, சாயம் போடுகிறவருக்குத் தண்ணீரின் குணம் தெரிந்தே ஆகவேண்டும். சரி, புடவைக்கான தண்ணீரை இத்தனை ஜாக்கிரதையாகப் பார்த்த ஊரில், குடிக்கிற தண்ணீரை எதை வைத்துப் பார்த்தார்கள்?

கண்ணை வைத்து!

தெளிவாக இருந்ததா, நல்ல தண்ணீர். கலங்கியிருந்ததா, பானையின் உள்பக்கத்தில் தேற்றாங்கொட்டையை நாலு தேய் தேய்த்து வைத்தால் கசடு அடியில் படிந்துவிடும். மேலே தெளிந்ததை மொண்டு குடிக்கலாம். 'தெளிந்தது நல்லது' என்ற இந்தக் கணக்கு நம்மவர்களுக்கு மட்டும் சொந்தமில்லை. உலகம் முழுக்க மனிதன் இதை நம்பித்தான் பிழைத்தான்... பல சமயம் செத்தும் போனான். காஞ்சிபுரத்துக் குழாய்த் தண்ணீரின் சரித்திரம், அந்தக் கணக்கு எப்படிப் பொய்த்தது என்பதன் சரித்திரம்தான்.

பாலாறு ஒரு விசித்திரமான ஆறு. கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஆந்திரத்தைக் கொஞ்சம் தொட்டுவிட்டு, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ராணிப்பேட்டை வழியாகக் காஞ்சிக்குத் தெற்கே ஓடி, வாயலூர் அருகே கடலில் கலக்கிறது. மொத்தம் சுமார் 348 கிலோமீட்டர். இதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில். 'ஓடி' என்று சொல்லிவிட்டேன். வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் மேலே ஒரு சொட்டுகூட ஓடாது. வெறும் மணல். ஆனால் தோண்டினால் ஊறும். ஆறு மணலுக்கு மேலே ஓடாமல் மணலுக்குள்ளே ஓடுகிறது!

இந்த ரகசியம் பல்லவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. 7-ம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்துக் கூரம் செப்பேட்டைப் பாருங்கள். காஞ்சிக்குப் பக்கத்துக் கிராமமான கூரத்தில் ஓர் ஏரி. அதை நிரப்பப் பாலாற்றிலிருந்து ஒரு கால்வாய். அதற்குப் பெயர் 'பெரும்பிடுகு'. கால்வாய்க்குக்கூட ராஜ பட்டம் வைத்து அழைத்திருக்கிறார்கள்!

அடுத்து, காஞ்சிபுரத்துக்குத் தெற்கே இருக்கும் உத்திரமேரூர். குடவோலைத் தேர்தல் கல்வெட்டு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டியவை. அதில் வரும் வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். ஊர்த் தண்ணீரைப் பார்த்துக்கொள்ள மட்டும் தனியாக ஆட்கள். பதவி 360 நாள்தான். அதைவிட முக்கியமாக ஒரு நிபந்தனை உண்டு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி நிற்கமுடியாது. அவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களும் நிற்கமுடியாது! இந்தக் 'கணக்கு' விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

இப்போது ஒரு சின்ன வெளிநாட்டுப் பயணம். புடவைக் கடையில் 'மாங்காய் டிசைன்' என்று கேட்கிறோமே, அதற்கு இங்கிலீஷில் 'பெய்ஸ்லி' என்று பெயர். பெய்ஸ்லி என்பது ஸ்காட்லாந்தில் ஒரு நெசவு ஊர். காஷ்மீர் சால்வையின் மாங்காயைப் பார்த்துப் பார்த்து நெய்தே பெயர் வாங்கிவிட்ட ஊர். அங்கே ஜான் கிப் என்று ஒருவர் துணி வெளுக்கும் பட்டறை வைத்திருந்தார். ஆற்றுத் தண்ணீர் கலங்கலாக வந்தால் துணி வெளுக்காதே! 1804-ல் சரளைக்கல், மணல் போட்டு ஒரு பெரிய வடிகட்டியைக் கட்டினார். தன் பட்டறைக்குப் போக மிச்சத் தண்ணீரை வண்டியில் ஏற்றி ஊருக்கு விற்றார். ஒரு ஊருக்கே மணலில் வடிகட்டிய தண்ணீர் கிடைத்தது அங்கேதான் முதன்முதலில் என்கிறார்கள். துணி நன்றாக இருக்கவேண்டும் என்பதற்காகச் செய்த வேலை, மனிதனுக்கும் உதவிற்று.

அப்போது கிப்புக்கும் கண்தான் பரிசோதனைக் கருவி. தண்ணீர் தெளிகிறது, அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். அந்த மணல் கண்ணுக்குத் தெரியாத ஒன்றையும் பிடித்துக்கொண்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

1883 டிசம்பரில் ராபர்ட் காக் என்ற ஜெர்மன் டாக்டர் கல்கத்தாவுக்கு வந்தார். 1884-ல் காலராக் கிருமியை மைக்ராஸ்கோப்பில் பிடித்தார். நோயாளிகளின் குடலில் மட்டுமல்ல, ஜனங்கள் குளித்து, துவைத்து, குடிக்கவும் செய்த குளத்துத் தண்ணீரிலும் அதே கிருமி. எட்டு வருஷம் கழித்து அவருடைய சொந்த தேசத்திலேயே பாடம் நடந்தது. ஹாம்பர்க், ஆல்டோனா என்று ஒட்டிப் பிறந்த இரட்டை ஊர்கள். இரண்டுக்கும் எல்பா நதிதான் தண்ணீர். ஹாம்பர்க் வடிகட்டாமல் குழாயில் விட்டது. ஆல்டோனா அதற்குக் கீழே இருந்தது. ஹாம்பர்க்கின் சாக்கடையும் கலந்த தண்ணீர்தான் அதற்குக் கிடைத்தது. ஆனால் மணலில் வடிகட்டிய பிறகே குழாயில் விட்டது. 1892-ல் காலரா வந்தபோது ஹாம்பர்க்கில் 8,000 பேருக்கு மேல் பலி. எல்லைத் தெருவில் ஒரு சாரி வீடுகளில் சாவு, எதிர் சாரி தப்பித்தது! மணலின் மேல்பரப்பில் வழவழவென்று ஒரு படலம் வளர்கிறது. அதில் வாழும் நுண்ணுயிர்கள் கெட்ட கிருமிகளைப் பிடித்துத் தின்றுவிடுகின்றன என்பது தெரியவந்தது.

காஞ்சிக்குத் திரும்புவோம். கருட சேவைக்கும் தேருக்கும் வெளியூர் ஜனம் வந்து குவிகிற ஊர். 19-ம் நூற்றாண்டில் திருவிழாக் கூட்டம் என்றாலே வெள்ளைக்கார சுகாதார அதிகாரிகளுக்கு அடிவயிறு கலங்கும். வருகிற கூட்டமெல்லாம் அதே குளத்தில் குளித்து, அதே தண்ணீரைக் குடிக்கும். திரும்பிப் போகும்போது பிரசாதத்தோடு காலராவும் கூடவே போகும். 1866-ல் காஞ்சிபுரம் நகராட்சி ஆனது. பிறகு குழாய்த் தண்ணீர் வந்தது. எங்கிருந்து? வேகவதி ஆற்றின் அடி ஊற்றுகளிலிருந்து. ஊர் பெருக்கப் பெருக்க பாலாற்றங்கரை ஓரிக்கை, அதற்கும் மேலே திருப்பாற்கடல் என்று தலைமை நீரேற்று நிலையங்கள் வந்தன. ஜான் கிப் காசு போட்டுக் கட்டியதை காஞ்சிக்குப் பாலாறு இலவசமாகக் கட்டி வைத்திருந்தது. மைல் கணக்கில் மணல்! அதோடு குளோரினும் சேர்ந்துகொண்டது. 1908-ல் அமெரிக்காவில் ஜெர்ஸி நகரம் கைக்கொண்ட பழக்கம், உலகம் முழுக்கப் பரவியது.

பலன்? 2019-ல் அத்திவரதர் 40 வருஷத்துக்குப் பிறகு அனந்தசரஸ் குளத்திலிருந்து எழுந்தருளினார். 48 நாளில் ஒரு கோடிப் பேருக்கு மேல் வந்து போனார்கள். நெரிசலைப் பற்றிப் பேசினோம், வெயிலைப் பற்றிப் பேசினோம், டிராஃபிக்கைப் பற்றிப் பேசினோம். காலராவைப் பற்றிப் பேசினோமா? நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய சுகாதார அதிகாரி இதைக் கேட்டிருந்தால் நம்பவே மாட்டார்.

சுபம் போட்டுவிடலாமா? முடியாது. மணல் கிருமியைப் பிடிக்கும். கரைந்திருப்பதைப் பிடிக்குமா? ஒரு டம்ளர் உப்புத் தண்ணீரை மணலில் ஊற்றிப் பாருங்கள். பளிங்கு மாதிரித் தெளிந்து கீழே வரும். குடித்தால் உப்புக் கரிக்கும்.

ஆற்றின் மேல்பக்கம் போவோம். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை... தோல் பதனிடும் ஊர்கள். அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்டார்கள். பிறகு குரோமியம் வந்தது. 1970-களில் 'பச்சைத் தோலாக ஏற்றுமதி செய்யாதே, முழுசாகத் தயார் செய்து அனுப்பு' என்று மத்திய அரசு கொள்கையை மாற்றியது. ஏற்றுமதிக் காசு பெருகிற்று. கூடவே கழிவும் பெருகிற்று. ஒரு கிலோ தோலைத் தயார் செய்ய சுமார் 35 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்று பிற்பாடு சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்பில் எழுதியது. தோல் அழுகாமலிருக்கப் போட்ட உப்பு, பதனிடப் போட்ட குரோமியம் எல்லாம் அந்தத் தண்ணீரோடு போய்ச் சேர்ந்த இடம்... பாலாறு.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான பெஞ்ச் தீர்ப்புச் சொன்னது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ பாழ் என்று ஓர் ஆய்வை அது சுட்டிக்காட்டியது. ஒவ்வொரு தோல் பட்டறைக்கும் 10,000 ரூபாய் அபராதம். இன்றைக்கும் சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருக்கும் இரண்டு விஷயங்களை அந்தத் தீர்ப்பு நிலைநாட்டிற்று. ஒன்று, கெடுத்தவன் கொடுக்கவேண்டும். இரண்டு, கெடுதல் முழுசாக நிரூபணமாகட்டும் என்று காத்திருக்காதே, முன்னாலேயே தடு.

கதை அதோடு முடியவில்லை. ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட ஒரு குரோமேட் தொழிற்சாலை, லட்சம் டன்னுக்கும் மேலான குரோமியக் கழிவை மலையாகக் குவித்து விட்டுப் போனது. 2015 ஜனவரி 31 அன்று அதே ஊர் சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். 2025 ஜனவரி 30 அன்று சுப்ரீம் கோர்ட் மறுபடியும் பாலாற்றுக்காகவே ஒரு தீர்ப்பு எழுதவேண்டி வந்தது. நஷ்டஈட்டைக் கொடு, மேற்பார்வைக்குக் கமிட்டி போடு என்று. முதல் வழக்குப் போட்டு அப்போது 34 வருஷம்!

ஒரு முறை மேப்பை எடுத்துப் பாருங்கள். ராணிப்பேட்டைக்குக் கீழே திருப்பாற்கடல். அதற்கும் கீழே காஞ்சிபுரம். பீதியைக் கிளப்ப இதைச் சொல்லவில்லை. ஆற்றின் தலைமாட்டில் இத்தனை நடந்திருக்கும்போது, கால்மாட்டில் இருப்பவர் கண்ணை மட்டும் நம்பக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். குரோமியம் கலந்த தண்ணீர் மஞ்சளாகத் தெரியவேண்டுமானால் அளவு கன்னாபின்னாவென்று இருக்கவேண்டும். லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். அந்த அளவில் அதற்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது.

இன்னொரு கொடுமை, அந்த மணலுக்கே நேர்ந்தது. லாரி லாரியாக அள்ளினோம். 2003-ல் மணல் குவாரிகளை அரசே எடுத்து நடத்த ஆரம்பித்தது. அப்புறமும் அள்ளுவது நிற்கவில்லை. மணல் போனால் தண்ணீரைப் பிடித்து வைக்கும் தொட்டியும் போச்சு, வடிகட்டியும் போச்சு. வேகவதியின் கதி? ஒரு காலத்தில் ஊருக்குக் குடிக்கக் கொடுத்த ஆறு, ஊரின் சாக்கடையையும் சாயக் கழிவையும் சுமக்கிற ஆறாகிவிட்டது.

சரி, நல்ல தண்ணீரே நீரேற்று நிலையத்திலிருந்து கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் சொம்புக்கு வந்து சேர்வதற்குள் என்னென்ன நடக்கலாம்?

குழாயில் 24 மணி நேரமும் தண்ணீர் வருவதில்லை. தண்ணீர் ஓடும்போது உள்ளே அழுத்தம் இருக்கும்; ஓட்டை இருந்தால் வெளியே கசியும். தண்ணீர் நின்றதும் அழுத்தம் போய்விடும். அப்போது அதே ஓட்டை வழியாக வெளியில் இருப்பது உள்ளே வரும். பக்கத்தில் சாக்கடை ஓடினால்..? இது போதாதென்று சிலர் குழாயில் நேரடியாக மோட்டாரைப் போட்டு உறிஞ்சுகிறார்கள். அவர்கள் உறிஞ்சுவது தண்ணீரை மட்டுமல்ல, தெருவில் இருப்பதையும் சேர்த்துத்தான். காரைக்காலில் 2022 ஜூலையில் காலரா வந்து பொது சுகாதார அவசரநிலை அறிவித்தார்களே, பள்ளிக்கூடங்களை மூடினார்களே... அங்கே குற்றவாளிக் கூண்டில் நின்றது உடைந்த குழாயும் சாக்கடையும்தான். ஒழிந்துவிட்டது என்று நாம் நினைத்த காலரா! அப்புறம் வீட்டு சம்ப், மொட்டைமாடி டேங்க். கடைசியாக எப்போது கழுவினீர்கள்?

ஆக, நம் சொம்புக்கு ஆபத்து இரண்டு ஜாதி. கிருமி ஒன்று, கரைந்தது ஒன்று. ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்குக் கேட்காது.

கிருமிக்குக் கொதிக்க வைப்பதே போதும். தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிஷம் விட்டு இறக்குங்கள். குழாய்த் தண்ணீரில் லேசாக ப்ளீச்சிங் பவுடர் வாடை அடித்தால் முகம் சுளிக்காதீர்கள். குளோரின் இன்னும் காவல் காக்கிறது என்று அர்த்தம். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்கவேண்டும் என்பதே விதி.

கரைந்ததற்குக் கொதிக்க வைப்பது உதவாது. உப்பு, நைட்ரேட், ஃபுளோரைடு, குரோமியம் எதுவும் ஆவியாகிப் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் அடர்த்தியாகும். இவற்றுக்கு ஆர்.ஓ. மெஷின் கேட்கும். ஆனால் தண்ணீரை நிறைய வீணடிக்கும், நல்ல தாதுக்களையும் சேர்த்துக் கழற்றிவிடும். தேவை இருந்தால்தான் வாங்கவேண்டும். தேவை இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

இங்கேதான் வீடு தேடி ஒருவர் வருவார். டை கட்டியிருப்பார். உங்கள் குழாய்த் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து, இரண்டு கம்பிகளை விட்டு கரண்ட் கொடுப்பார். தண்ணீர் பழுப்பாகி, கசடு கசடாக மிதக்கும். 'இதைத்தான் மேடம் குழந்தைக்குக் கொடுக்கறீங்க!' பதறாதீர்கள். அந்தக் கசடில் பெரும்பகுதி கம்பியின் இரும்பு கரைந்து வருவது! உப்பு இருக்கும் எந்தத் தண்ணீரும், எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அப்படித்தான் நிறம் மாறும். உப்பே இல்லாத ஆர்.ஓ. தண்ணீரில் கரண்ட் சரியாகப் பாயாது, அதனால் தெளிவாகவே நிற்கும். 'தெளிந்தது நல்லது' என்கிற அந்தப் பழைய நம்பிக்கையை வைத்தே நம்மிடம் வியாபாரம்! டி.டி.எஸ். பேனாவும் அப்படித்தான். மொத்தம் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று சொல்லும். கரைந்தது சாதா உப்பா, குரோமியமா என்று சொல்லாது. கிருமியைப் பற்றி அதற்கு ஒன்றுமே தெரியாது.

லேபில் கொடுத்துப் பார்ப்பதுதான் வழி. குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் பரிசோதனைக் கூடங்கள் உண்டு. பொதுமக்களும் கட்டணம் கட்டிக் கொடுக்கலாம். ரிப்போர்ட் வந்ததும் நாலு வரியைப் பாருங்கள். கரைந்த மொத்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை. கடினத்தன்மை 200, வேறு வழியில்லையென்றால் 600. நைட்ரேட் 45-க்கு மேல் போகக்கூடாது. ஈ-கோலி கிருமி 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக்கூடாது. சொந்த போர்வெல் தண்ணீரைக் குடிப்பவர்கள் குரோமியத்தையும் ஃபுளோரைடையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். மாநகராட்சித் தண்ணீருக்காவது யாரோ ஒருவர் பொறுப்பு. உங்கள் போர்வெல்லுக்கு நீங்களேதான் நகராட்சி, நீங்களேதான் சுகாதார அதிகாரி.

இப்போது உத்திரமேரூரின் அந்தக் 'கணக்கு' விஷயம். 2021-ல் காஞ்சிபுரம் மாநகராட்சி ஆகிவிட்டது. நாம் ஓட்டுப் போட்டு கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்கிறோம். ரோடு கேட்கிறோம், தெருவிளக்கு கேட்கிறோம், தண்ணீர் வரவில்லையென்றால் காலிக் குடத்தோடு மறியல் செய்கிறோம். வந்த தண்ணீர் எப்படி இருக்கிறது என்று என்றைக்காவது கேட்டோமா? எங்கள் தெருக் குழாயில் கடைசியாக எப்போது சாம்பிள் எடுத்தீர்கள், என்ன வந்தது, குளோரின் எவ்வளவு, குரோமியம் பார்த்தீர்களா என்று? 2005-லிருந்து தகவல் அறியும் உரிமைச் சட்டம் வேறு கையில் இருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால், பக்கத்து ஊரில் தண்ணீருக்குக் கணக்குக் காட்டாதவரை அடுத்த தேர்தலில் நிற்கவே விடவில்லை. வார்டு கவுன்சிலரை அடுத்த முறை தெருவில் பார்க்கும்போது, அந்தக் கணக்கைக் கேட்டுப் பாருங்களேன்.